ஆண் ஆணின் அழகைப் பாடும் கவிதைக்கு மறுமொழி சொல்வது எப்படி

திருக்கோணமலையில் மாதம் ஒருமுறை கூடும் சிறிய வாசிப்பு வட்டமொன்றைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். ஒருவர் கவிதையை வாசிப்பார், மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். ஓர் ஆண் இன்னோர் ஆணின் அழகில் மனம் தோய்ந்து, தான் யார் என்பதையும் அதே மூச்சில் சொல்லும் கவிதையொன்று முதன்முறையாக எங்களிடம் வந்த நாளில், வாசித்தவர் கடதாசியை மடித்துவைத்த பின் நெடுநேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு மூன்று மறுமொழிகள் வந்தன. ஒருவர் எழுதியவரின் துணிச்சலைப் பாராட்டினார். இன்னொருவர் நமது பண்பாட்டில் இதற்கு இடமில்லை என்றார். மூன்றாமவர், சூட்டைத் தணிக்கும் நல்ல நோக்கத்தோடு, அன்பு என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று முடித்துவைத்தார். மூவருமே கவிதையின் ஒரு சொல்லைக்கூட எடுத்துப் பேசவில்லை என்பது, வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. எழுதியவர் அன்று அந்த அறையில் இருந்தாரா என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன்.

இத்தகைய கவிதை உங்கள் கைக்கு வந்து, அதைப் பற்றி ஏதாவது சொல்லவோ எழுதவோ வேண்டிய நிலை ஏற்பட்டால் என்ன செய்யலாம் என்பதற்கே இவ்வழிகாட்டி. அன்றைய கவிதையை எடுத்தாள எனக்கு உரிமையில்லை. ஆகவே பயிற்சிக்கென்று நானே ஒன்றை எழுதி, எழுதியவர் பெயரைச் சொல்லாமல் அடுத்த கூட்டத்தில் கொடுத்துப் பார்த்தேன். கவிதை என்ற அளவில் அது நடுத்தரமானதுதான். அதில் வரும் வாடி என்பது கரையோர மீனவர் குடில்.

வாடிச் சுவரில் சாய்ந்து
கிழிந்த வலையைத் தைக்கிறாய்.
நூலைப் பல்லால் அறுக்கையில்
கீழுதட்டில் உப்பு மினுங்குகிறது.

ஒரே கண்ணாடியில்
முகம் மழித்த காலையொன்றில்
உன் தாடை நுரையை
என் விரலால் துடைத்தேன்.

காற்றுக்குக்கூடப் பெயருண்டு இங்கே:
வாடை, கொண்டல், சோளகம், கச்சான்.
உன்னைப் பார்த்து நிற்கும் எனக்கு
ஏச்சு ஒன்றே பெயர்.

முதலில் பென்சிலை எடுங்கள்

கவிதையை வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள். முதல் வாசிப்பில் எதையும் குறிக்க வேண்டாம். இரண்டாவது வாசிப்பில், பேசுபவர் ஆணா பெண்ணா, பேசப்படுபவர் ஆணா பெண்ணா என்று உங்கள் மனம் எந்த இடத்தில் முடிவு கட்டியதோ, அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு போடுங்கள். கோடு போட்ட பின், அந்தச் சொல்லுக்கு அப்படி முடிவு கட்டும் வலு உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்பயிற்சி தமிழுக்கு மிகப் பொருத்தமானது. நம் மொழியில் படர்க்கைதான் பாலைக் காட்டிக்கொடுக்கும். அவன் வந்தான், அவள் வந்தாள் என்று சொன்ன மாத்திரத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும். தன்மையும் முன்னிலையும் அப்படியல்ல. 'தைக்கிறாய்' என்ற வினையில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. 'துடைத்தேன்' என்பதிலும் அவ்வாறே. நானும் நீயுமாக மட்டுமே பேசும் தமிழ்க் கவிதையில் பால் என்பது பெரும்பாலும் வாசகர் கொண்டுவந்து போடுவது. இதைக் கவிஞர்கள் நன்றாக அறிவார்கள், தம்மை மறைத்துக்கொள்ளவும் வெளிப்படுத்தவும் இதே வாசலைத்தான் பயன்படுத்துவார்கள்.

எங்கள் வட்டத்தில் ஒன்பது கடதாசிகள் திரும்பி வந்தன. அநேகமாக எல்லோரும் 'வலை' என்ற சொல்லின் கீழேயே கோடு போட்டு, தைப்பவர் ஆண் என்று எழுதியிருந்தார்கள்; நம் கரையோரப் பழக்கம் அது, கவிதை சொன்னதல்ல. பேசுபவரைப் பொறுத்தவரை பலர் அவரைப் பெண் என்றே எடுத்துக்கொண்டு, கண்ணாடி வரும் அடியில் தடுமாறியிருந்தார்கள். ஒரே கண்ணாடியில் முகம் மழித்தவர்கள் இருவரும் என்றால் இருவரும் ஆண்கள். ஆனால் ஓர் அம்மா விடவில்லை. 'மழித்த' என்ற எச்சத்துக்கு எழுவாய் எங்கே என்று கேட்டார். கணவன் மழிக்கிறான், மனைவி அதே கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்து நுரையைத் துடைத்துவிடுகிறாள் என்றும் வாசிக்கலாமே என்றார். இலக்கணப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி. அப்படியானால் தன் கணவனைப் பார்த்து நிற்பவளுக்கு ஊர் ஏன் ஏச வேண்டும் என்று ஒருவர் கேட்க, சாதி மாறிய காதலாக இருக்கலாம் என்று வேறொருவர் சொல்ல, அரை மணி நேரம் நாங்கள் அந்த நான்கு அடிகளை விட்டு நகரவில்லை. எழுதியவன் என்ற முறையில் எனக்கு அது சற்று வெட்கமாகவும் இருந்தது. நான் தெளிவாகச் சொல்லிவிட்டதாக நினைத்திருந்த இடம் அது. ஆனால் மறுமொழி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: எவரும் எழுதியவரின் வாழ்க்கையைத் தேடிப் போகவில்லை, எல்லோரும் எச்சத்தின் எழுவாயைத் தேடினார்கள்.

எழுதியவரைத் தேடாமல் இருப்பது நமக்குப் புதிய ஒழுக்கமும் அல்ல. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. அகப்பாட்டில் தலைவனுக்குப் பெயர் இல்லை, தலைவிக்கும் இல்லை. பாண்டியனின் அடையாளப் பூவாகிய வேம்பைச் சொன்னதற்காகவே நெடுநல்வாடையை அகமாகாது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒதுக்கினார். காதல் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு 'இவர் அப்படிப்பட்டவரா' என்று கேட்பவர், நாகரிகத்தோடு இந்த மரபையும் சேர்த்தே மீறுகிறார்.

அழகைப் பற்றிப் பேசும்போது

ஆணை அழகன் என்று பாடுவது நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால், வில்லூன்றிக் கந்தசுவாமி கோயில் பக்கம் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். முருகு என்ற சொல்லுக்கே அழகு, இளமை, மணம் என்று பொருள். தமிழன் தன் தெய்வத்துக்கு வைத்த பெயரே ஆணின் அழகுதான். உலா இலக்கியங்களில் தலைவன் வீதியில் வரும்போது பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவன் அழகைக் கண்டு மயங்குவார்கள். 'தோள் கண்டார் தோளே கண்டார்' என்று கம்பர் இராமனின் ஒவ்வோர் அங்கத்திலும் பார்வை சிக்கிக்கொள்வதைப் பாடினார். ஆகவே ஆணழகு என்பது இக்கவிதைகளில் புதிதல்ல என்பதை மறுமொழி சொல்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டும். 'புதிய பாடுபொருள்' என்று எழுதிவிட்டு நகர்வது சோம்பல்.

அப்படியானால் புதியது எது? அந்தப் பழைய பாடல்களில் பார்க்கும் கண் யாருடையது என்று கவனியுங்கள். உலாவிலும் இராமன் வீதி வரும் காட்சியிலும் பார்ப்பவர்கள் பெண்கள். பாடிய புலவர் ஆணாக இருந்தாலும், பெண்ணின் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டே ஆணின் அழகைப் பார்த்தார். பக்திப் பாடல்களிலும் இதுவே வழி. நம் கோணேசரைப் பாடிய திருஞானசம்பந்தர், சீர்காழியில் பாடிய முதற் பதிகத்தில் வளை சோர நிற்கும் பெண்ணின் குரலில்தான் இறைவனை 'உள்ளங்கவர் கள்வன்' என்றார். கம்பரின் விசுவாமித்திரர் இராமனை 'ஆடவர் பெண்மையை அவாவும் தோளினாய்' என்று விளிக்கும் இடம் இன்னும் நுட்பமானது: அந்தத் தோளைக் கண்ட ஆண்களும் ஆசைப்படுகிறார்கள், ஆனால் ஆசைப்படுவதற்கு முன் பெண்ணாக மாற ஆசைப்பட வேண்டியிருக்கிறது. ஆண் ஆணாகவே நின்று பார்ப்பதற்கு அந்த வரியில் இடமில்லை.

தன்பாலீர்ப்புக் கவிதை இந்த இரவல் கண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பார்ப்பவன் தன் கண்ணால் பார்க்கிறான், பார்த்ததை மறைக்கவும் இல்லை. அழகும் அடையாளமும் ஒரே கவிதையில் வருவதற்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. அழகு எதிரே இருப்பவரிடம் இருக்கிறது. அதைக் கண்டவுடன் கண்டவர் யார் என்ற கேள்வி எழுகிறது. மேலே உள்ள கவிதையில் முதல் எட்டு அடிகள் 'நீ'யைப் பற்றியவை, கடைசி அடிகளில்தான் 'நான்' யார் என்பது வருகிறது. உங்கள் மறுமொழியை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் இங்கிருந்து தொடங்குங்கள்: கவிதை எந்த அடியில் எதிரே இருப்பவரை விட்டுப் பேசுபவரிடம் திரும்புகிறது, அந்தத் திருப்பத்தை எந்தச் சொல் செய்கிறது?

அழகு என்ற பொதுச் சொல்லோடு நின்றுவிடாமல், கவிதை காட்டும் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் அவசியம். எங்கள் வட்டத்தில் மிகச் சிறந்த மறுமொழி, கவிதை வாசிக்கும் பழக்கமே இல்லாத ஒருவரிடமிருந்து வந்தது. தம்பியைக் கூட்டிப்போக வந்தவர், கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார், கடலுக்குப் போகிறவர். இது எந்த வலை என்று கேட்டார். தங்கூசி (நைலோன் இழை) வலையாக இருந்தால் நூலைப் பல்லால் அறுக்க மாட்டார்கள், கத்தி வைத்திருப்பார்கள், இழுக்கிற இழுவையில் உதடு கிழிந்துவிடும் என்றார். நான் எழுதியது பிழை என்று ஒப்புக்கொள்ள வாயெடுத்தபோது, பக்கத்தில் இருந்த மாணவி ஒருத்தி, அப்படியென்றால் அந்த உதடு எந்நேரமும் கிழியக்கூடியது, பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியும், அதனால்தான் உதட்டையே பார்க்கிறார் என்றாள். உப்பு மினுங்குவதை மட்டும் நான் அழகு என்று நினைத்திருந்தேன். அறுபடப்போகும் நூலுக்கும் உதட்டுக்கும் இடையில் இருந்த அந்தக் கூர்மையை நான் எழுதவேயில்லை, அவர்கள் இருவரும் சேர்ந்து எழுதினார்கள்.

மனம் என்ன செய்தது என்பதை மறைக்க வேண்டாம்

கவிதையை வாசித்ததும் சிரிப்பு வரலாம், கூச்சம் வரலாம், அருவருப்பும் வரலாம். வராதது போல் நடிப்பதால் பயனில்லை. நமக்குள் எழுவதைப் பெயரிட்டுப் பிரிப்பதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நல்ல கருவி. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நந்நான்காக அது பகுக்கிறது. நகைக்குரிய நான்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். அறையில் யாராவது சிரித்தால், அது இந்த நான்கில் எது என்று சிரித்தவரே தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். முதன்முறை கேட்கும் இளையவரின் சிரிப்பு வேறு, எள்ளல் வேறு. முன்னையதைப் பொறுத்துக்கொள்ளலாம், பின்னையதற்குக் கூட்டத்தை நடத்துபவர் இடம் கொடுக்கக் கூடாது. வியப்பாகிய மருட்கைக்குச் சொல்லப்பட்ட முதற் காரணம் புதுமை. பழக்கமில்லாத ஒன்றைக் கண்டு மனம் தடுமாறுவதை வெறுப்பு என்று பலர் தாமே தவறாகப் பெயரிட்டுக்கொள்கிறார்கள். இன்னொரு முறை வாசித்தால் பாதி கரைந்துவிடுகிறது.

கடதாசியின் ஓரத்தில் எந்த அடியில் எந்த மெய்ப்பாடு என்று ஒரு சொல்லில் எழுதச் சொன்னேன். நுரையைத் துடைக்கும் இடத்தில் ஒருவர் 'அச்சம்' என்று எழுதியிருந்தார். யாருக்கு அச்சம், துடைப்பவருக்கா, துடைக்கப்படுபவருக்கா, பக்கத்து அறையில் யாராவது இருக்கிறார்களா என்று அவரே விரித்தார். உவகை என்று எழுதியவர்களைவிட அவரிடம்தான் அதிகம் கேட்க முடிந்தது.

சமய நம்பிக்கையால் இத்தகைய உறவை ஏற்காதவர்களும் வட்டத்தில் இருப்பார்கள். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நகரம் இது. மூதூரிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதை நேர்மையாகக் கையாண்டார். எனது மார்க்கத்தில் இதற்கு அனுமதியில்லை, இது என் நிலைப்பாடு, இதைக் கவிதையின் குறையாக நான் சொல்லவில்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, நான்கு காற்றுக்கும் பெயரைச் சொன்ன கவிதை அந்த ஏச்சை மட்டும் ஏன் சொல்லாமல் விட்டது என்று கேட்டார். அந்தச் சொல்லை நாங்கள் எல்லோரும் அறிவோம், பாடசாலை மதிலிலேயே பார்த்திருக்கிறோம். எழுதாமல் விட்டதால் அதை வாசகரே மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியதாகிறது என்றார். நம்பிக்கையைத் தம்முடையது என்று உரிமையோடு சொல்லி ஒதுக்கிவைத்தால், அதன் பின் கவிதையைப் பற்றிப் பேச நிறைய நேரம் கிடைக்கிறது.

சொற்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல் ஒரு மனிதரின் ஈர்ப்பையும் வாழ்வையும் ஒரு செயலாகச் சுருக்கிவிடுவதால், அச்சொல்லுக்கு உரியவர்களில் பலர் அதை விரும்புவதில்லை. தன்பாலீர்ப்பு, தன்பாலீர்ப்பாளர் என்பவை பொருத்தமானவை; பால்புதுமையினர் என்பது இன்னும் விரிந்த சொல். சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலைத் தொடர்ந்து 2022 இல் தமிழ்நாடு அரசு இத்தகைய சொற்களின் பட்டியலொன்றை அரசிதழில் வெளியிட்டது. அச்சொற்கள் இங்கும் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. ஆணை விரும்பும் ஆணைத் திருநங்கை என்று குறிப்பிடுவது பிழை, இரண்டும் வெவ்வேறு. ஆணை விரும்பும் ஆணுக்கு 'நம்பி' என்ற சொல்லையும் சிலர் வழங்குகிறார்கள். ஆடவரில் சிறந்தவன் என்று நிகண்டுகள் சொன்ன சொல் அது. சுந்தரர் என்று அழகால் பெயர்பெற்ற நாயனாருக்கு நம்பியாரூரர் என்றும் பெயர். சொல்லின் பழமையை மட்டுமே சொல்கிறேன், அடியவர்மீது எதையும் ஏற்றவில்லை. எதுவானாலும், கவிதை தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறதோ அந்தச் சொல்லையே முதலில் பயன்படுத்துங்கள். அது தன்னை எதுவும் அழைக்காவிட்டால் நீங்களும் 'கவிதையில் பேசுபவர்' என்று சொன்னால் போதும்.

எழுதிக் கொடுக்கும்போது

எழுத்து மறுமொழி அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். கவிதையிலிருந்து ஓர் அடியை அப்படியே எடுத்தெழுதுங்கள். அது உங்களிடம் என்ன செய்தது, எந்தச் சொல்லால் செய்தது என்று எழுதுங்கள். விடை தெரியாத ஒரு கேள்வியை வையுங்கள். எனக்கு வந்த ஒரு கடதாசியில் முதலில் இப்படி இருந்தது: 'உங்கள் வலியை உணர்கிறேன், மனம் தளர வேண்டாம், சமூகம் ஒருநாள் மாறும்.' இதில் கவிதை இல்லை. எழுதியவரை நோயாளி ஆக்கி ஆறுதல் சொல்லும் தொனிதான் இருக்கிறது. திருப்பிக் கொடுத்து ஓர் அடியையாவது எடுத்தெழுதச் சொன்னேன். அடுத்த முறை அவர் எழுதியது: '"கச்சான்" என்ற சொல்லில் எனக்கு வாய் உலர்ந்தது. நெல் காயும் மாதங்களில் அந்தக் காற்று எங்கள் தம்பலகாமத்து வீட்டு முற்றத்தில் மண்ணை வாரி அடிக்கும். நான்கு காற்றில் அதைக் கடைசியாக வைத்து, அதற்கு அடுத்ததாக ஏச்சை வைத்தது வேண்டுமென்றே செய்ததா?' உண்மையில் நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் இப்படி ஒரு கேள்வி வந்தால் எழுதுகிறவர் அடுத்த கவிதையில் வேண்டுமென்றே செய்வார்.

குறையைச் சொல்லவும் தயங்க வேண்டாம். துணிச்சலான பொருள் என்பதற்காகத் தளர்ந்த அடிகளை மன்னிப்பது ஒருவகை இளக்காரம். எனது கவிதையின் இரண்டாம் பகுதி முதற் பகுதியோடு ஒட்டவில்லை, வாடியிலிருந்து குளியலறைக்கு ஏன் போனோம் என்று தெரியவில்லை என்று இருவர் எழுதினார்கள். ஏற்றுக்கொண்டேன்.

கடதாசிகளைத் திரும்பப் பெறுதல்

இலங்கையில் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலீர்ப்பு உறவுகளைக் குற்றமாக்கும் 365 ஆம், 365அ ஆம் பிரிவுகள் இன்னும் நடைமுறையில் உள்ளன. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. இவற்றை மாற்றுவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தீர்மானித்தபோதும், அது நிறைவேறாமலேயே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. கவிதை எழுதுவது இப்பிரிவுகளின் கீழ் குற்றமல்ல. ஆனால் சட்டத்தைவிட ஊர்வாய் முந்திக்கொள்ளும். இன்னாருடைய மகன் என்று தெரியாத ஆளே இல்லாத நகரத்தில், கையெழுத்தைக் கொண்டே எழுதியவரைக் கண்டுபிடித்து வீட்டுக்குச் செய்தி கொண்டுபோகிறவர்கள் உண்டு.

ஆகவே கவிதையைத் தட்டச்சு செய்து, பெயரில்லாமல், வருபவர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் பிரதி எடுங்கள். எழுதியவர் அறையில் இருக்கிறாரா என்று நடத்துபவர் சொல்லக் கூடாது, முகக்குறிப்பாலும் காட்டக் கூடாது. இல்லாத நாளிலும் 'அவர் இன்று வரவில்லை' என்று சொல்லிவிட்டால் வந்தவர்களையெல்லாம் கழித்துப் பார்த்து விடை கண்டுவிடுவார்கள். வட்ஸ்அப் குழுவில் கவிதையைப் பகிர்வதும் கூட்டத்தைப் படமெடுப்பதும் வேண்டாம். மறுமொழிகளை நடத்துபவரே வாங்கி, பெயர்களை நீக்கி, எழுதியவரிடம் சேர்ப்பிக்கட்டும். முடிவில் பிரதிகளை எண்ணி வாங்குங்கள். நான் கொடுத்தவை பத்து, திரும்பியவை ஒன்பது. அந்த ஒன்றை யார் கொண்டுபோனார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றி நான் எவரிடமும் கேட்கவில்லை.